மாருதி ஈகோ வேனில் ரெண்டு பேர்: முதல் நான்கு பயணங்களுக்கு மூட்டை கட்டும் முறை

எங்கள் முதல் வேன் பயணத்தின் தூரம் இருபது அடி. போர்டிகோவில் நின்ற வண்டியை வேப்பமரத்தடிக்கு நகர்த்தி அதிலேயே படுத்தோம். ராத்திரி ரெண்டு மணிக்கு இவர் எழுந்து, "அம்மிணி, டார்ச் எங்கே வெச்சே?" என்றார். "உங்களுக்குக் கீழேதானுங்க" என்றேன். டார்ச் கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டியில். பெட்டியைத் திறக்கப் பலகையைத் தூக்க வேண்டும், பலகையைத் தூக்க மெத்தையைச் சுருட்ட வேண்டும். மெத்தைமேல் நான். கடைசியில் இருட்டிலேயே தடவித் தடவி வீட்டுக்குள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். விடிந்ததும் பக்கத்து வீட்டு அத்தை காம்பவுண்டு சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஏங்கண்ணு, ரெண்டு பேருக்கும் ஏதாச்சும் சண்டையா?" என்று கேட்டார்.

சின்ன வேனில் எவ்வளவு சாமான் ஏறும் என்றுதான் எல்லோரும் முதலில் கணக்குப் போடுவோம். ராத்திரி நம்மை எழுப்புவது அந்தக் கணக்கில்லை. எந்தச் சாமானுக்கு அடியில் எந்தச் சாமான் கிடக்கிறது என்பதுதான். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே ஒரு பழக்கத்தைச் சுற்றித்தான் போகும்: எந்த நேரத்தில் கை தேடுமோ அந்த நேரத்தை வைத்துச் சாமானைப் பிரிப்பது. நாங்கள் பொள்ளாச்சிப் பக்கம். எனவே பழனி, ராமேஸ்வரம், ஊட்டி என்று எங்கள் ஊரிலிருந்து விரியும் வரிசையில் சொல்கிறேன். உங்கள் ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.

வண்டியும் சட்டமும்

எங்களுடையது பழைய மாருதி ஈகோ, ஐந்து பேர் அமரும் மாடல். 2010இல் விற்பனைக்கு வந்ததிலிருந்து காய்கறி மண்டி, பள்ளிக்கூடம், ஆம்புலன்ஸ் என்று எல்லா வேலைக்கும் ஓடிக்கொண்டிருக்கிற வண்டி. எந்த ஊர் மெக்கானிக்கும் இதைப் பார்த்து மிரள மாட்டார். நீளம் 3,675 மில்லிமீட்டர், அகலம் 1,475. ஏறக்குறைய பன்னிரண்டு அடிக்கு ஐந்தடி. நடு சீட்டை இறக்கிவிட்டு முன்சீட்டின் முதுகிலிருந்து பின்கதவு வரை டேப் பிடித்தால், எங்கள் வண்டியில் ஆறடிக்கு ரெண்டு விரல் குறைகிறது. இவருக்குச் சரியாக இருக்கிறது. உங்கள் வீட்டில் ஆறடி தாண்டிய ஆள் இருந்தால் வாங்குவதற்கு முன் வண்டிக்குள் ஒருமுறை படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஷோரூமில் சிரிப்பார்கள், பரவாயில்லை.

இந்த வண்டியில் இன்ஜின் இருப்பது முன்சீட்டுக்கு அடியில். மலை ஏறி வந்து நிறுத்தினால் சீட்டுக்குக் கீழே நெடுநேரம் அனல் இருக்கும். மாத்திரை, சாக்லேட், கேஸ் கேன், பவர் பேங்க் எதையும் அந்தப் பக்கம் வைக்காதீர்கள்.

சட்டத்துக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, ஆர்.சி.யில் பதிவான விவரங்களுக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. கூரையை அறுத்து ஜன்னல் வைப்பது, கட்டிலை பாடியோடு வெல்டிங் செய்வது, சிலிண்டருக்கு இரும்பு ஸ்டாண்டு அடிப்பது, இதெல்லாம் வீடியோவில் பார்க்க அழகாக இருக்கும். நாம் அந்தப் பக்கம் போக வேண்டாம். ஒரு போல்ட்டும் அடிக்காமல், மூட்டை முடிச்சு மாதிரி ஏற்றி இறக்கக்கூடிய கட்டில்தான் நமக்குத் தோது. நடு சீட்டைப் பயண நாட்களுக்கு மட்டும் இறக்கி வீட்டில் வைக்கிறோம். எத்தனை சீட் என்பதும் ஆர்.சி.யில் இருக்கிற விவரம்தான், ஆகவே இறக்குவதற்கு முன் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். காப்பீட்டு நிறுவனத்தையும் கேளுங்கள். விபத்து நடந்த பிறகு அவர்கள் நம்மைக் கேட்பதைவிட அது மேல்.

தக்காளிக் கிரேடில் ஒரு கட்டில்

கட்டிலுக்கு நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. முதலில் தச்சரிடம் சொல்லி மரச்சட்டம் போட்டோம். கனம் தாங்கவில்லை, போகிற வழியெல்லாம் கிரீச் கிரீச்சென்று சத்தம் வேறு. அப்புறம் ஒருநாள் கிணத்துக்கடவு மார்க்கெட்டில் தக்காளி ஏற்றிய பிளாஸ்டிக் கிரேடுகளை ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்ததைப் பார்த்தோம். சரக்கோடு ஐந்தாறு அடுக்கு நிற்கிற கிரேடு ரெண்டு பேரைத் தாங்காதா?

ஆறு கிரேடுகள், வரிசைக்கு மூன்றாக. கிரேடுகளெல்லாம் ஒரே அளவாக, ஒரே கம்பெனியுடையதாக இருக்க வேண்டும். கால் அங்குலம் உயரம் மாறினாலும் முதுகு சொல்லிவிடும். மேலே 12 மில்லிமீட்டர் பிளைவுட், ஒரே பலகையாக இல்லாமல் மூன்று துண்டாக. இந்த மூன்று துண்டு விஷயத்தை விட்டுவிடாதீர்கள். ஒரு கிரேடை எடுக்க ஒரு துண்டைத் தூக்கினால் போதும், பக்கத்தில் படுத்திருப்பவரை எழுப்ப வேண்டாம். ஓரங்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினோம். சத்தம் நின்றது. கிரேடுகள் பிரேக் பிடிக்கும்போது முன்னுக்கு வழுக்காமல் இருக்க, லாரிக்காரர்கள் பயன்படுத்தும் இறுக்கு பெல்ட் ஒன்றைச் சுற்றிவிடுங்கள். கயிறு என்றால் நூறு கிலோமீட்டரில் தளர்ந்துவிடுகிறது.

மெத்தைக்கு இலவம்பஞ்சு. ஃபோம் மெத்தை முதுகில் சூட்டைத் தேக்கி வைக்கிறது, நம் ஊர்ப் புழுக்கத்துக்கு ஆகாது. ரெண்டடி அகலத்தில் ரெண்டு தனி மெத்தையாகத் தைத்து வாங்கினால் பகலில் சுருட்டிச் சாய்மானமாக வைத்துக்கொள்ளலாம். ஈரம் பட்டால் இலவம்பஞ்சு கட்டி தட்டும், வெயில் காட்ட வேண்டும். அது ஒன்றுதான் அதன் தொந்தரவு.

நேரத்தை வைத்து ஆறு கிரேடு

முன்பெல்லாம் துணி ஒரு பெட்டி, பாத்திரம் ஒரு பெட்டி என்று அடுக்கினோம். வீட்டு பீரோவுக்கு அது சரி. வண்டிக்குள் ஒரு காபி போட டம்ளருக்கு ஒரு பெட்டி, தூளுக்கு ஒரு பெட்டி, தீப்பெட்டிக்கு ஒரு பெட்டி என்று மூன்றையும் இழுக்க வேண்டியிருந்தது. இப்போது எங்கள் கிரேடுகளுக்குப் பெயரே நேரத்தில்தான் இருக்கிறது.

பின்கதவை ஒட்டி இருப்பது காலைக் கிரேடு. ஈகோவின் பின்கதவு மேலே தூக்குகிற மாதிரி. திறந்தால் அதுவே சாரலுக்குக் கூரை. அதன் கீழே நின்றபடி கை நீட்டினால் அடுப்பு, பால் பாத்திரம், காபித்தூள், சர்க்கரை, ரெண்டு டம்ளர், லைட்டர் எல்லாம் ஒரே கிரேடில். அதற்குப் பக்கத்தில் மத்தியானக் கிரேடு: ரெண்டு லிட்டர் குக்கர், ஒரு வாணலி, கரண்டி, கத்தி, அரிசி, பருப்பு, உப்பு புளி மிளகாய் டப்பா. அஞ்சறைப்பெட்டியைத் தூக்கி வராதீர்கள். மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் ஒரு ஸ்பீடு பிரேக்கரில் மஞ்சள் கடுகோடு கலந்துவிடும். திருகு மூடி போட்ட சின்ன டப்பாக்கள் போதும்.

பக்கக் கதவை ஒட்டியது ராத்திரிக் கிரேடு. கொசுவலை, போர்வை, நாளைக்குப் போடும் ஒரு செட் துணி. ஆனால் டார்ச் எந்தக் கிரேடிலும் இல்லை. முன்சீட்டின் முதுகில் ஒரு நாடாவில் தொங்குகிறது. தண்ணீர் பாட்டில், கண்ணாடி, தலைவலித் தைலம், வண்டிச் சாவி நான்கும் தலைமாட்டுத் துணிப்பையில். படுத்தபடி கைக்கு எட்டாத எதுவும் ராத்திரிச் சாமான் ஆகாது.

மழைக் கிரேடு ஒன்று, பக்கக் கதவுக்கு எதிரில்: குடை ரெண்டு, தார்ப்பாய், கயிறு, ரப்பர் செருப்பு, பழைய துணி. பஞ்சர் சாமான், காற்று பம்பு, ஜம்பர் கேபிள், சாக்கு எல்லாம் ஐந்தாவது. ஜாக்கியும் ஸ்பேர் டயரும் அவற்றின் இடத்திலேயே இருக்கட்டும், ஆனால் கழற்றும் வழியைச் சாமான் அடைக்கக் கூடாது. ஆறாவதில் மிச்சத் துணி. ஆளுக்கு மூன்று செட், அதற்கு மேல் ஒரு கைக்குட்டைகூட ஏறக் கூடாது என்பது வீட்டுத் தீர்ப்பு. டர்க்கி டவல் வேண்டவே வேண்டாம்; ஒருமுறை நனைந்தால் ரெண்டு நாளைக்கு ஈர வாடை. ஈரோட்டுத் துண்டு என்றால் கதவில் போட்டு அரைமணி நேரத்தில் காய்ந்துவிடும்.

கனமான சாமான் கீழே, இரண்டு அச்சுக்கும் நடுவில். 20 லிட்டர் தண்ணீர் கேன் என்றால் 20 கிலோ. அதை முன்சீட்டின் முதுகை ஒட்டி நிற்க வையுங்கள். குடிக்க, சமைக்க, பாத்திரம் அலச, முகம் கழுவ என்று ரெண்டு பேருக்கு ஒரு நாளைக்கு எங்களுக்குப் பதினைந்து லிட்டர் ஆகிறது. குளியல் இந்தக் கணக்கில் இல்லை. கூரைமேல் கேரியர் போட்டு ஏற்றுவதை நாங்கள் விட்டுவிட்டோம். உயரமான, அகலம் குறைந்த வண்டி, மலைத் திருப்பத்தில் மேல்கனம் ஆட்டும்.

முதல் பயணம்: சொந்த வாசல்

இதைத் தவிர்க்காதீர்கள். விளையாட்டாகத் தெரியும், ஆனால் எங்கள் தப்புகளில் பாதி இங்கேயேதான் தெரிந்தது. ஒரு விதி: ராத்திரி எட்டு மணிக்கு வண்டி ஏறினால் காலை ஏழு வரை வீட்டுக்குள்ளிருந்து எதையும் எடுக்கக் கூடாது. எடுக்கப் போனால் அதை ஒரு தாளில் எழுத வேண்டும். எங்கள் தாளில் இருந்தவை: டார்ச், தண்ணீர், விசிறி, கத்தரிக்கோல், நகவெட்டி. நகவெட்டி எதற்கு என்று இன்றைக்கு வரைக்கும் இவர் சொல்லவில்லை.

காற்றோட்டத்தையும் இங்கேயே பாருங்கள். நான்கு பக்கமும் மூடிப் படுத்தால் ஒரு மணி நேரத்தில் மூச்சு முட்டும். எதிரெதிர் மூலைகளில் ரெண்டு ஜன்னலை நாலு விரல் அளவுக்குத் திறந்து, கொசுவலைத் துணியை வெளிப்பக்கம் காந்தத் துண்டுகளால் ஒட்டிவிடுங்கள். சின்ன யு.எஸ்.பி. விசிறி ஒன்று. 20,000 மில்லி ஆம்பியர் மணி பவர் பேங்கில் கணக்குப்படி 74 வாட் மணி மின்சாரம் இருக்கும். கழிவு போக ஐம்பது வரும். ஐந்து வாட் விசிறி பத்து மணி நேரம் சுற்றும், ராத்திரிக்குத் தாராளம். போன் சார்ஜுக்கு வேறொரு பவர் பேங்க் வைத்துக்கொள்ளுங்கள், ரெண்டையும் கலந்தால் ரெண்டும் காலையில் செத்துக் கிடக்கும்.

இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி. போட்டுத் தூங்குவது, குளிருக்குக் கரி அடுப்பை உள்ளே வைப்பது, மழைக்குக் கதவை மூடிக்கொண்டு உள்ளே சமைப்பது, இந்த மூன்றும் எந்த நாளும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும்.

ரெண்டாம் பயணம்: ஒரு ராத்திரி, கோயில் ஊர்

வேனில் படுத்துப் பழக நம் ஊரில் கோயில் ஊரைப் போல ஒரு இடம் கிடையாது. யோசித்துப் பாருங்கள், மாலை போட்டு வேன் பிடித்துச் சபரிமலை போகிற கூட்டம் எத்தனை வருஷமாக அடுப்பும் அரிசி மூட்டையுமாக வழியில் பொங்கிச் சாப்பிட்டு வண்டியிலேயே படுத்து எழுகிறது. அவர்களுக்காகவே வாகன நிறுத்தம், விடியற்காலையிலேயே திறந்திருக்கிற கட்டணக் கழிப்பிடம், குளியலறை, நாலு மணிக்கே டீக்கடை எல்லாம் இருக்கிறது. வேனில் படுக்கிறவர்களை அங்கே யாரும் வேற்றுக்கிரகவாசி மாதிரி பார்ப்பதில்லை.

எங்களுக்குப் பழனி பக்கம், அறுபத்தைந்து கிலோமீட்டர். கிரிவலப் பாதைக்குள் வண்டி விட மாட்டார்கள்; வெளியே நிறுத்தங்களில் வெளிச்சம் இருக்கும் மூலையாகப் பார்த்து, காவலரிடம் ராத்திரி தங்குவதாகச் சொல்லிவிட்டு நிறுத்தினோம். தைப்பூசம், பங்குனி உத்திரம், கிருத்திகை நாட்களில் மட்டும் போகாதீர்கள். வண்டியைத் திருப்பக்கூட இடம் இருக்காது.

சாப்பாட்டில்தான் கோட்டை விட்டேன். காலையில் இட்லி ஊற்றலாம் என்று புதிதாக அரைத்த மாவை ஒரு தூக்கு நிறையக் கொண்டுவந்தேன். மாசிமாத வெயில், மூடிய வண்டி. உடுமலை தாண்டும்போது "டொப்" என்று ஒரு சத்தம். டயர்தான் போய்விட்டது என்று இவர் ஓரங்கட்டி இறங்கிச் சுற்றிப் பார்க்கிறார், நான்கு டயரும் நன்றாக இருக்கிறது. பின்கதவைத் திறந்தால் தூக்கின் மூடி ஒரு பக்கம், மாவு நுரைத்து வழிந்து காலைக் கிரேடு முழுக்கத் திருநீறு பூசின மாதிரி. காபித்தூள் பாக்கெட்டுக்குள்ளும் போயிருந்தது. மாவு கொண்டுபோவதானால் பாத்திரத்தில் பாதிதான் ஊற்ற வேண்டும், அதுவும் சாயங்காலம் கிளம்பினால்தான். இப்போது வறுத்த ரவையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதல் நாளைக்கு அடுப்பே பற்றவைக்காதீர்கள், கட்டுச்சோறு போதும். எண்ணெய் தாராளமாக விட்ட புளியோதரை மறுநாள் காலை வரை தாங்கும். தயிர்சாதத்துக்குச் சோற்றைக் குழைத்து, ஆறிய பாலை நிறைய ஊற்றி, தயிரை ரெண்டு ஸ்பூன் மட்டும் விட்டுக் கிளம்பினால், மத்தியானம் திறக்கும்போது புளிக்காமல் பக்குவமாக உறைந்திருக்கும். பொடி தடவிய இட்லி எப்போதும் கைகொடுக்கும். இதெல்லாம் நம் அம்மாமார் ரயிலுக்குக் கட்டிக் கொடுத்ததுதான்.

கழிப்பறை விஷயத்தை வெளிப்படையாகவே எழுதுகிறேன், பெண்கள் முதலில் கேட்பது அதைத்தான். பகலில் பெட்ரோல் பங்க். காற்று, குடிநீர், கழிப்பறை மூன்றும் அங்கே இலவசமாகத் தர வேண்டிய வசதிகள், சாவி கேட்க வெட்கப்பட வேண்டாம். ராத்திரி அவசரத்துக்கு இறுக்கமான மூடி போட்ட பத்து லிட்டர் வாளி, உள்ளே ரெண்டு கைப்பிடி தென்னை நார்த்தூள். எங்கள் ஊரில் அது மலைமாதிரி குவிந்து கிடக்கும் சரக்கு. ஈரத்தை அப்படியே உறிஞ்சிக்கொள்கிறது, நாற்றமும் வராது. சிறுநீருக்கு மட்டும்தான் அந்த வாளி, மறுநாள் வீட்டுக்கு வந்ததும் தென்னந்தோப்புக் குழியில் போய்விடும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் டீ குடிக்காமல் இருப்பது அதைவிடச் சுலபம்.

மூன்றாம் பயணம்: மூன்று ராத்திரி, கடற்கரை

திண்டுக்கல், மதுரை, ராமநாதபுரம் வழியாக ராமேஸ்வரம் எங்களுக்கு ஏறக்குறைய 360 கிலோமீட்டர். இந்த வண்டியில் அதை ஒரே மூச்சில் ஓட்ட நினைக்காதீர்கள். மதுரையைத் தாண்டி ஒரு நண்பர் தோட்டத்தில் முதல் ராத்திரி. டிசம்பர் முதல் பிப்ரவரி பாதி வரைதான் சமவெளியில் வேனுக்குள் தூங்க முடியும். சித்திரையில் முயன்று பார்த்த ஒரு ராத்திரியை நாங்கள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஒன்றரை மணிக்கு எழுந்து லாட்ஜ் தேடினோம்.

நான்கு வழிச்சாலையில் போகும்போது 1033 என்ற எண்ணைப் போனில் போட்டு வையுங்கள், தேசிய நெடுஞ்சாலைகளுக்கான உதவி எண். ஆம்புலன்சுக்கு 108, மற்ற எல்லா அவசரத்துக்கும் 112. ஆர்.சி., காப்பீடு, மாசுச் சான்று, உரிமம் எல்லாம் டிஜிலாக்கரில் இருந்தால் செல்லும். சிக்னல் இல்லாத இடத்துக்கு ஒரு நகல் மடித்து வைத்திருப்பது நல்லது.

கடற்கரையில் ரெண்டு எதிரி: மணல், உப்பு. தனுஷ்கோடியை 1964 டிசம்பர் புயல் அழித்த கதை எல்லோருக்கும் தெரியும். இப்போது அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது. மாலைக்குள் திரும்பிவிட வேண்டும், ராத்திரி அங்கே தங்க விடமாட்டார்கள். ஒரு போட்டோவுக்காக இவர் சாலையை விட்டு நாலடி உள்ளே இறக்கினார். அவ்வளவுதான். ஈகோவுக்குத் தள்ளும் சக்தி பின்சக்கரத்தில். ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்த பின்சக்கரம் தனக்குத் தானே குழி தோண்டிக்கொண்டது. மீன்பிடிக்கிற அண்ணன்கள் மூன்று பேர் ஓடிவந்து, "மொதல்ல ஆஃப் பண்ணுங்க சார், இன்னும் முறுக்கினா ஆக்சில் வரைக்கும் போயிடும்" என்றார்கள். டயரில் காற்றைப் பாதிக்கு இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் மணலைக் கையால் வாரி, எங்கள் சணல் சாக்கு ரெண்டையும் விரித்து, ரெண்டாவது கியரில் மெதுவாக விடச் சொன்னார்கள். ஏறிவிட்டது. அன்றிலிருந்து சாக்கும் காற்று பம்பும் ஐந்தாம் கிரேடில் மேலாகவே இருக்கின்றன. காற்றை இறக்கினால் திரும்ப அடிக்க வேண்டுமல்லவா, பம்பு இல்லாமல் இந்த வித்தையைச் செய்யாதீர்கள்.

அக்னி தீர்த்தத்திலும் கோயில் தீர்த்தங்களிலும் குளித்துவிட்டு வந்த ஈரத்துணியை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தோம். மறுநாள் திறந்தபோது வந்த வாடையைப் பற்றி எழுத வேண்டாம். தீர்த்தமாடப் போகிற நாளுக்கென்று தனியாக ஒரு வாளி, கதவுக்கும் மரத்துக்கும் நடுவே கட்டப் பத்தடி கயிறு, பன்னிரண்டு கிளிப். ஊர் திரும்பியதும் முதல் வேலையாக வாட்டர் சர்வீசில் வண்டியின் அடிப்பாகத்தை நன்னீரால் பீய்ச்சிக் கழுவச் சொல்லுங்கள்.

நான்காம் பயணம்: மலையும் குளிரும்

மலையைக் கடைசியில் வைக்கக் காரணம் இருக்கிறது. பிரேக், எடை, குளிர், அனுமதி எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும் இடம் அது.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு. போனிலேயே பதிவு செய்யலாம். மேட்டுப்பாளையம் வந்து சிக்னலைத் தேடாமல் வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று வரம்பும் வைக்கிறார்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு நீலகிரியில் தடை, சோதனைச் சாவடியில் பறிமுதல் செய்துவிடுவார்கள். எவர்சில்வர் பாட்டிலும் தூக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். ஊட்டியிலிருந்து முதுமலை வழியாக மைசூர்ப் பக்கம் இறங்குவதானால் இரவு 9 முதல் காலை 6 வரை பந்திப்பூர்க் காட்டுச்சாலை மூடியிருக்கும். காட்டுக்குள் வண்டியை நிறுத்திச் சமைப்பதும் படுப்பதும் எங்கேயும் கூடாது. ஆனை வந்தால் பின்கதவைச் சாத்தக்கூட நேரமிருக்காது.

ஏறும்போது எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். எல்லோரும் கேள்விப்பட்டதுதான். சாமான் ஏற்றிய வண்டியில் அதைக் கடைப்பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கோத்தகிரி இறக்கத்தில் மூக்கால் தெரிந்துகொண்டோம். ரப்பர் கருகிய மாதிரி ஒரு வாடை, பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது. அகலமான இடமாகப் பார்த்து ஓரங்கட்டி அரைமணி நேரம் ஆறவிட்டோம். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். திருப்பங்களில் மேலே ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை, நாம் நின்று வழிவிட வேண்டும்.

தங்குவதற்கு ஊட்டி ஊருக்குள் தெருவோரத்தைப் பார்க்காதீர்கள். சின்ன ஹோம்ஸ்டேக்காரர்களிடம் முற்றத்தில் வண்டி நிறுத்தவும் குளியலறைக்கும் மட்டும் எவ்வளவு என்று பேசிப் பாருங்கள். நாங்கள் கேட்ட ரெண்டாவது வீட்டிலேயே சரி என்றார்கள். ராத்திரி ஒன்பது மணிக்குச் சுடுதண்ணீர் பாட்டில் வேண்டுமா என்று அந்த அம்மா கதவைத் தட்டியும் கேட்டார்.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம், டிசம்பர் ஜனவரியில் உறைபனி இறங்கும். குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் மூடிப் படுத்தோம். காலையில் கண்ணாடி முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர், கூரைத் தகரத்திலிருந்து ஒரு சொட்டு சரியாக என் நெற்றியில். ரெண்டு பேர் ராத்திரி முழுக்க விட்ட மூச்சுதான் அது. இலவம்பஞ்சு மெத்தையின் ஓரம் ஈரமாகிக் கட்டி தட்டிவிட்டது. குளிரிலும் ரெண்டு விரல் ஜன்னல் திறந்தே இருக்க வேண்டும். தகரத்துக்கும் மெத்தைக்கும் நடுவே ஒரு பழைய போர்வையைச் செருகுங்கள். மேலே ரெண்டு கம்பளி போர்த்துவதைவிட அடியில் ஒன்றை விரிப்பது அதிகக் கதகதப்பு தரும்.

அப்புறம் அடுப்பு. 220 கிராம் பியூட்டேன் கேன் போடும் கையடக்க அடுப்புதான் எங்களுடையது. சமவெளியில் சீறிக்கொண்டு எரியும். ஊட்டியில் காலை ஆறு மணிக்கு மெழுகுவத்தி அளவுக்குத்தான் எரிந்தது. அடுப்பு பழுது என்று இவர் பர்னரைக் கழற்றி ஊதுகிறார். குறை பர்னரில் இல்லை. பியூட்டேன் கொதித்து ஆவியாவது பூஜ்யம் டிகிரிக்கு அரை டிகிரி கீழே; குளிர் அந்த அளவை நெருங்க நெருங்க ஆவியாவது குறைந்துவிடும். ஊட்டிக் குளிரில் கேனுக்குள் பெரும்பாலும் திரவமாகவே கிடக்கும், போதுமான அளவு ஆவியாகி மேலே வராது. கேனைக் கழற்றி உள்ளங்கைக்கு நடுவே கொஞ்ச நேரம் வைத்திருந்தால் உயிர் வரும். தீயில் காட்டாதீர்கள், எரிகிற அடுப்பின் பக்கத்திலும் வைக்காதீர்கள். சமவெளியில் இதற்கு நேர்மாறு: வெயிலில் நிற்கும் வண்டிக்குள் கேனை விட்டுவிட்டு இறங்கக் கூடாது.

திரும்பி வந்த அன்று

மூட்டை கட்டுவதைவிட மூட்டை பிரிப்பதில்தான் பாடம் இருக்கிறது. ஒவ்வொரு பயணம் முடிந்ததும் ஆறு கிரேடையும் திண்ணையில் கவிழ்த்து, கை படாத சாமானைத் தனியாகக் குவிக்கிறோம். பஞ்சர் கிட்டு, முதலுதவிப் பெட்டி, தார்ப்பாய் மூன்றும் கை படாவிட்டாலும் திரும்ப ஏறும். மற்றது ரெண்டு பயணத்தில் தொடர்ந்து அந்தக் குவியலுக்கு வந்தால் வீட்டோடு நின்றுவிடும். இப்படி நின்றவை: மடக்கு நாற்காலியில் ஒன்று, மிக்ஸி, நான்கு புத்தகங்களில் மூன்று, புளூடூத் ஸ்பீக்கர், எனக்கு ரெண்டு புடவை, இவருக்கு ஒரு ஜீன்ஸ். குக்கர் மட்டும் ஒருமுறை நின்று, அடுத்த முறை திரும்ப ஏறிக்கொண்டது. கேன் கேஸ் தீருகிற வேகத்தில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகவைக்க முடியாது.

அதே நாளில் மெத்தையை வெயிலில் போட்டுவிடுங்கள், தண்ணீர் கேனைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள், நடு சீட்டை மாட்டிவிடுங்கள். கிரேடும் பலகையும் எங்கள் வீட்டில் திண்ணை ஓரம் அடுக்கியிருக்கும். போன மாதம் மெத்தையைக் காம்பவுண்டு சுவரில் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அத்தை மறுபடி எட்டிப் பார்த்தார். "வந்துட்டியா கண்ணு, அந்தக் கட்டில ஒரு ரெண்டு நாளைக்குக் குடு, தாராபுரத்துல இருந்து தம்பி வந்திருக்கான்" என்றார். பலகை மூன்றையும் இவர் சுவருக்கு மேலே தூக்கிக் கொடுத்தார்.